புண்ணுக்குப் பருப்பு ஆகாது

கொடைக்கானலுக்கு மேலே, பூண்டும் பட்டர் பீன்ஸும் விளையும் ஊர் ஒன்றில் ஒரு விவசாயியிடம் வேலைக்கு இருந்தேன். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சோறு போடுகிற வீட்டில் தங்குவேன், அது நின்றால் கிளம்பிவிடுவேன். இந்த வீட்டில் சோறு நிற்கவே இல்லை. வேலைக்காரனுக்கு வயிறார வைத்துவிட்டு வீட்டுக்காரரைப் பட்டினி போடும் கூத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். பாத்தி கட்டும்போது தன் காலையே மம்பட்டியால் வெட்டிக்கொண்டார். பெருவிரலிலிருந்து நடுப்பாதம் வரை பிளந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். கொஞ்ச நாளில் சீழ் வைத்துத் தையல் விட்டுவிட்டது. ஜீப்பில் போய்ப் போய்க் கட்டு மாற்றிக்கொண்டு வந்தோம். புண் ஆறுகிற வழியாக இல்லை. “இப்படியே போனா விரலை எடுக்கணும். அதோட நிக்குமான்னு சொல்ல முடியாது” என்றார் நர்ஸ். எங்கள் பக்கம் காடு என்றால் விளைநிலம், படிப்படியாக ஏறுகிற சரிவு. இரண்டு காலோடு இறங்குகிறவனே வழுக்கி விழுவான். பாதம் போனால் அண்ணனுக்குக் காடும் போனதுபோலத்தான்.

மனைவி இறந்த பிறகு அண்ணனின் கூடப்பிறந்த அக்காதான் வந்து அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவுக்கு ஒரு சட்டம் உண்டு: புண் என்றால் பத்தியம். பருப்பு சீழ் வைக்கும். முட்டை சூடு. கருவாடு அரிக்கும். மீனும் அதேதான். தயிர் நீர் கோர்க்கும். பீன்ஸ் வாயு. இத்தனையும் கழித்தபின் மிஞ்சியது கஞ்சியும் ரசமும் சுட்ட அப்பளமும். அதைத்தான் அண்ணன் நாள் தவறாமல் குடித்துக்கொண்டிருந்தார். கன்னம் ஒட்டிப்போய்விட்டது.

எனக்குப் பத்தியம் இல்லை. முற்றிப்போன பீன்ஸை ஒட்டன்சத்திரம் மண்டியில் எடுக்கமாட்டார்கள். இளசை மூட்டை பிடித்து லாரியில் ஏற்றிவிட்டு, முற்றலை உரித்துப் பருப்போடு குழம்பு வைத்து வேலையாளுக்கு ஊற்றுவார்கள். கொட்டை கொட்டையாகத் தட்டில் கிடக்கும். ஊருக்கே சத்து விளைவிக்கிறவன் வீட்டுக்குள் ரசம் குடிக்க, வாசலில் உட்கார்ந்து நான் அதைத் தின்றேன்.

ஒரு நாள் நர்ஸ் கேட்டார்: “என்ன சாப்புடுறீங்க?”

அண்ணன் வாயைத் திறக்குமுன் அக்கா முந்திக்கொண்டார். “பத்தியந்தாங்க. கஞ்சியும் ரசமும். சுத்தமா இருக்கான்.”

நர்ஸ் கத்தரிக்கோலைத் தட்டில் போட்டார். “ஏம்மா, புண்ணு ஆறணும்னா புதுச் சதை வளரணும். ரசத்துலேருந்தா சதை வளரும்? பருப்பு, முட்டை, பயறு, மீனு, கெடைக்கிறதக் குடுங்க. ஒடம்புல புரோட்டீன் இல்லாம நான் கட்டுறது வெறும் துணிதான்.”

“சரிங்கம்மா” என்றார் அக்கா. ஜீப்பில் ஏறியதும், “நேத்துப் பொறந்த புள்ள, எனக்குப் புண்ணப் பத்திச் சொல்லுது” என்றார். அண்ணன் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆனால் புரோட்டீன் என்ற சொல் மட்டும் வீட்டுக்குள் வந்துவிட்டது. கொடைக்கானலில் டாக்சி ஓட்டும் சொந்தக்காரர் ஒருவர் புரோட்டீன் மாவு என்று பெரிய டப்பா ஒன்று கொண்டுவந்தார். மேலே படத்தில் சட்டையில்லாத ஒருவன் புஜத்தைக் காட்டிக்கொண்டு நின்றான். டப்பாவில் இருப்பதால் அது மருந்து. மருந்துக்குப் பத்தியம் கிடையாது. மருந்து என்பதாலேயே அளவுக்கு மிஞ்சவும் கூடாது. அக்கா அரைக் கரண்டி எடுத்துக் கொதிக்கிற ரசத்தில் போட்டுக் கலக்கினார். அது கட்டி கட்டியாகத் திரண்டு மிதந்தது. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார்.

அந்த மாதிரி டப்பா எனக்குப் புதிதல்ல. ஏரிப் பக்கம் ஒரு ஆம்லெட் கடையில் கொஞ்ச காலம் நின்றிருக்கிறேன். அங்கே ஓட வருகிறவர்கள் அதே மாவைப் பாட்டிலில் குலுக்கிக் குடித்துவிட்டு, “வெள்ளைக்கரு மட்டும் போடுங்க” என்பார்கள். மஞ்சள் கருவை நாய்க்கு ஊற்றினோம். நாய்கள் நல்ல பளபளப்பாக இருந்தன. புரதம் குறைந்தவர் யாரும் அந்த ஏரியைச் சுற்றி ஓடி நான் பார்க்கவில்லை.

அடுத்த தடவை கட்டைப் பிரித்த நர்ஸ் எழுந்து உள்ளே போனார். டாக்டரைக் கூட்டிவந்தார். விரல் கறுத்துக்கொண்டிருந்தது. அடுத்த வாரம் பார்த்து முடிவெடுக்கலாம் என்றார் டாக்டர்.

மறுநாள் மதியம் அக்கா காட்டில் காய் பறித்துக்கொண்டிருந்தார். நான் வாசலில் தட்டோடு உட்கார்ந்தேன். கட்டிலில் இருந்தபடி அண்ணன் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“ஏலே, அது பட்டர் பீன்ஸா?”

“ஆமாண்ணே.”

“முட்டை ஏதும் கெடக்கா?”

“ரெண்டு கெடக்கு. அக்கா எனக்குன்னு வச்சுட்டுப் போனாங்க.”

“தட்ட இங்கிட்டுத் தள்ளு. வெரசா.”

தள்ளினேன். தன் காட்டில் விளைந்ததைத் தன் வீட்டிலேயே திருடித் தின்றார் மனிதர். அதன்பின் மதியம் தோறும் என் தட்டு அவருக்கு, அவர் கஞ்சி எனக்கு. கஞ்சி எனக்குப் பழக்கம்தான், அதைக் குடித்தே மலை ஏறியிருக்கிறேன். “என்னலே, வயித்துக்குள்ள ஆளு குடியிருக்கா?” என்று கேட்டுக்கொண்டே அக்கா எனக்கு அள்ளி வைத்தார்.

எங்கே போகிறது என்று ஒரு நாள் கண்டுபிடித்துவிட்டார். காய்க்கூடையோடு வந்து நின்றவர் முன்னால் அண்ணனின் வாயில் பாதி முட்டை.

“கால் போச்சுன்னா இவன்தான் பொறுப்பு!” என்று என்னைக் காட்டிக் கத்தினார்.

“நான் சொல்லித்தான் குடுத்தான்” என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம் அண்ணன். முட்டையை விழுங்கிவிட்டுக் கூரையைப் பார்த்தார். என்னைப் பேசாத பேச்செல்லாம் பேசி முடித்து, அக்கா என் தட்டை மட்டும் வாசலிலிருந்து பின்பக்கத் தோட்டத்துக்கு மாற்றினார். அண்ணன் நொண்டிக்கொண்டே தோட்டத்துக்கு வரத் தொடங்கினார்.

விரலின் நுனியைத்தான் எடுத்தார்கள். பாதம் தப்பியது. சிவப்புச் சதை மெல்ல எழும்பிப் புண் வாய் மூடியது. மருந்தும், கட்டும், என் தட்டும் எந்தெந்த அளவுக்கு வேலை செய்தன என்று எனக்குத் தெரியாது. ரசம் வேலை செய்யவில்லை என்பது தெரியும்.

கடைசிக் கட்டைப் பிரித்தபோது அக்கா நர்ஸிடம், “பாத்தீங்களா, பத்தியம் பிசகல” என்றார். நர்ஸ் அண்ணனைப் பார்த்தார். “ஆமாங்க, அக்கா பத்தியந்தான்” என்றார் அண்ணன்.

பூண்டு அறுப்பின்போது பக்கத்து வீட்டுக்காரர் அரிவாளில் கையைக் கிழித்துக்கொண்டார். பார்க்கப் போனோம். செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு விரல் குட்டையான காலை நீட்டி உட்கார்ந்த அண்ணன், அடிபட்டவரின் மனைவியிடம் சொன்னார்: “பருப்பு மட்டும் கண்ணுல காட்டிராதீங்க.”

அந்த வீட்டில் சோறு நிற்கவில்லை, இருந்தும் அந்த வாரமே என் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.