சொல்லாமல் போட்ட டிக்

ரிப்பன் அண்ணன் என்றால்தான் எங்கள் கார் ஷோரூமில் தெரியும். புது வண்டிக்குச் சிவப்பு ரிப்பன் கட்டி, வாங்குபவரிடம் ஒவ்வொன்றாக விளக்கி ஒப்படைப்பது அவர் வேலை. பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற அப்பா மாதிரி ஒவ்வொரு வண்டிக்கும் கண் கலங்குகிறார் என்று மெக்கானிக்குகள் நாங்கள் கேலி செய்வோம்.

ஒரு மாதக் கடைசியில் ஐந்து வண்டிகள் வரிசையில் நின்றன. நான்காவது, ஓய்வு பெற்ற சர்வேயர் ஒருவருடையது. முப்பது வருடம் சாவியைத் திருகி வண்டி ஓட்டியவர். இதுவோ பட்டனை அழுத்தினால் கிளம்புவது. பாட்டரியிலும் ஓடும், பெட்ரோலிலும் ஓடும். நிற்கும்போது பல நேரம் சத்தமே இருக்காது. விளக்க வேண்டிய பட்டியலில் பதினான்கு வரிகள். ஒன்பதாவது வரியில் மேனேஜர் கண்ணாடிக்கு அப்பாலிருந்து கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். அண்ணன் மீதிக்கும் மளமளவென்று டிக் போட்டு, சர்வேயரிடம் கையெழுத்து வாங்கி அனுப்பிவிட்டார். பன்னிரண்டாவது வரி இது: 'சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினாலும் எஞ்சின் அணையாது. பட்டனை அழுத்தினால்தான் அணையும்.'

மூன்றாவது வாரம், ஒரு மத்தியானம். சர்வேயர் வீட்டோடு ஒட்டிய கராஜில் வண்டியை நிறுத்தி, ஷட்டரை இறக்கி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு உள்ளே போய்ப் படுத்தார். இறங்கியபோது வண்டி எச்சரிக்கையாக மூன்று முறை கீச்சிட்டிருந்தது. பூட்டிக்கொண்டது என்று நினைத்தார். பாட்டரி இறங்கியதும் எஞ்சின் தானாக ஓட ஆரம்பித்தது. புகையிலிருந்த நச்சுவாயுவுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. கதவிடுக்கு வழியாகப் படுக்கையறைக்கு வந்துவிட்டது. தங்கை வீட்டுக்குப் போயிருந்த மனைவி நாலு மணிக்குத் திரும்பியதால் உயிர் தப்பியது. ஆனால் கை நடுக்கம் நின்றபாடில்லை. பேச ஆரம்பித்தால் பாதி வார்த்தைகள் அகப்படுவதில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து அவரை வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகு, அந்த அம்மா ஷோரூமுக்கு வந்தார். சண்டைக்குத்தான் என்று மேனேஜர் பட்டியலைத் தயாராக எடுத்து வைத்துக்கொண்டார். அம்மா நேராக அண்ணனிடம் போனார்.

"தம்பி, அன்னைக்கு எல்லாம் சொன்னீங்கதானே? 'அவர் சொல்லியிருப்பார், நான்தான் மறந்துட்டேன், என் மூளை அதுக்கு முன்னாடியே போயிடுச்சு'ன்னு எங்க வீட்டுக்காரர் புலம்பிக்கிட்டே இருக்கார்."

மேனேஜர் முந்திக்கொண்டார். "எல்லாம் சொல்லிட்டோம்மா. சாரோட கையெழுத்தே இருக்கு, பாருங்க."

அண்ணன் வாயைத் திறக்கவில்லை. அம்மா தலையாட்டிவிட்டுப் போனார்.

அடுத்த நாலு நாளும் அண்ணன் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே மூடி வைத்தார். ஐந்தாம் நாள் என்னிடம் வந்து எல்லாவற்றையும் சொன்னார். "என்னோட வர்றியா? தனியா போகத் தைரியம் இல்ல."

சர்வேயர் வீட்டில் உட்காரச் சொன்னார்கள். அண்ணன் உட்காரவில்லை.

"சார், நீங்க எதையும் மறக்கல. நான் சொல்லவே இல்ல. அவசரத்துல சொல்லாமலே டிக் போட்டேன். அம்மா வந்து கேட்டப்பவும் கல்லு மாதிரி நின்னேன்."

சர்வேயர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "சொ... சொல்லலையா?"

"இல்ல சார்."

"அப்போ நான் மறக்கல." மனைவி பக்கம் திரும்பினார். "கேட்டியா? நான்... மறக்கல." சிரித்தார். சின்னப் பிள்ளை மாதிரி, முகம் முழுக்கச் சிரித்தார். நாலு அறை விட்டிருந்தால்கூடத் தேவலை என்று அண்ணன் பிறகு சொன்னார்.

அம்மா வாசல் வரை வந்தார். "உண்மையைச் சொல்லிட்டீங்க, சரி. அதுக்காக மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காதீங்க. அங்குலம் பிசகாம நிலம் அளந்த மனுஷன். இப்போ ஒரு ஸ்பூனை வாய்க்குக் கொண்டுபோக முடியல." கதவைச் சாத்திக்கொண்டார்.

நடந்ததை அண்ணன் எழுதி, கையெழுத்துப் போட்டு மேனேஜரிடம் கொடுத்தார். அண்ணனைத் தூக்கி உதிரிபாகக் கிடங்கில் போட்டார்கள். இப்போது ஒப்படைக்கும் வேலையைச் செய்வது ஒரு பெண். ஆனாலும் அந்த மாதிரி பட்டன் வைத்த புது வண்டி வெளியே வந்தால் அண்ணன் கிடங்கை விட்டு வந்துவிடுவார். வாங்கியவர் கையில் சாவியைக் கொடுத்து, "பத்தடி தள்ளி நடங்க. இப்போ திரும்பிப் பாருங்க. இன்னும் ஓடுது, பாத்தீங்களா? நீங்களே வந்து அணைங்க" என்பார். மேனேஜர் முறைத்தாலும் நகர மாட்டார்.

வீட்டுக்குப் போகும்போது மட்டும், சர்வேயர் இருக்கும் தெருவைத் தவிர்த்து இரண்டு தெரு சுற்றித்தான் போகிறார்.