இடது பக்கத்துப் புலிகள்

வெர்னா யாஸ்குல்ஸ்கிக்கு எரிந்துபோன பல்பின் மேல் கோபமே கிடையாது. கழற்றி எறிந்துவிட்டு வேறொன்று போட்டால் கதை முடிந்தது. ஒரு நேரம் எரிந்து ஒரு நேரம் எரியாமல் ஆட்டம் காட்டுகிற பல்புதான் அவளுடைய ஜென்ம விரோதி. அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்தில் தெற்குப் பக்கத்தில் பார் நடத்திய அத்தனை பேருக்கும் இது தெரியும். அவர்கள் கடைகளில் நின்ற, காசு போட்டுப் பந்து ஆடும் பின்பால் மெஷின்களுக்கெல்லாம் வைத்தியம் பார்த்தவள் அவள்தான்.

இந்த வேலைக்கு அவள் ஆசைப்பட்டு வரவில்லை. ரேடியோ தொழிற்சாலையில் உட்கார்ந்து ஈயம் பற்றவைத்துக்கொண்டிருந்தாள். தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். பார்களுக்கு மெஷின் வாடகைக்கு விடும் முதலாளி ஒருவர், அவள் கை நேர்த்தியைக் கேள்விப்பட்டுக் கூப்பிட்டுக்கொண்டார். ஆரம்பத்தில் போன இடமெல்லாம் கேலிதான். "நர்ஸம்மா வந்தாச்சு, எல்லாரும் நாக்க நீட்டுங்கப்பா!" என்று கத்துவான் பார்க்கார ஸ்டாஷ். ஒரு நாள் அவன் கடையிலேயே மெஷினுக்குள் கைவிட்டவளுக்கு முழங்கை வரை கரண்ட் அடித்தது. பின்னால் போய் விழுந்தவள் எழுந்து, போலிஷ் மொழியில் ஒரு வசவு விட்டாள் பாருங்கள், அது புரிந்த கிழவர்கள் இரண்டு பேர் தொப்பியைக் கழற்றினார்கள். பிறகு போய் அதே ஒயரைப் பிடித்து வேலையை முடித்தாள். அன்றோடு கேலி நின்றது.

அவள் புருஷன் கிளெம் பள்ளிக்கூட பஸ் ஓட்டினான். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை என்று கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்லுவான். சாயங்காலம் பிள்ளைகளை இறக்கிவிட்டு பஸ்ஸை ஷெட்டில் விட்டானென்றால் நேரே ஸ்டாஷின் பார். ஒரு கிளாஸ் பீர், அப்புறம் சர்க்கஸ் படம் போட்ட பின்பால் மெஷின். அதன் பலகையில் இடது பக்கம் வரிசையாகப் புலிகள், வலது பக்கம் வரிசையாக யானைகள், ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு பல்பு. கீழே பந்தைத் தட்டிவிடும் இரண்டு துடுப்புகள். அந்த மெஷினில் கிளெமை ஜெயித்தவன் அந்தத் தெருவில் இல்லை.

ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலம் அது. ஒரு நாள் ராத்திரிச் சாப்பாட்டின்போது கிளெம் ஆரம்பித்தான்.

"உன் புலியெல்லாம் செத்துப்போச்சு, வெர்னா."

"எந்தப் புலி?"

"அத்தனையும்தான். பந்து ஓடும்போது இடது பக்கம் ஒரு வெளக்கு எரியல. என்னடா இதுன்னு திரும்பிப் பாத்தா, ஒண்ணுமே தெரியாத பச்சப்புள்ள மாதிரி எரியுது. திருட்டுப் பசங்க."

"எத்தன கிளாஸ் குடிச்ச?"

"ஒரு கிளாஸ் பீருக்கெல்லாம் புலி சாகுமாடி?"

வெர்னாவுக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். ஜென்ம விரோதி வந்துவிட்டான், ஒரு கை பார்த்துவிடலாம் என்று நினைத்தாள். மறுநாள் காலையில் பார் திறப்பதற்கு முன்பே போய், மேல் கண்ணாடியை உருவி, பலகையைக் கார் பானட் மாதிரி தூக்கி நிறுத்தினாள். புலிப் பல்புகள் எல்லாவற்றையும் புதிதாக மாற்றினாள். சாக்கெட்டுகளின் துருவைச் சுரண்டினாள். கிளெம் சொன்னதைப் பார்த்தால் பந்து ஓடும் அதிர்வில் எங்கோ ஒரு இணைப்பு விட்டு விட்டுப் பிடிக்கிறது என்றுதான் அர்த்தம். மெஷினைக் கையால் குத்தினாள், இடுப்பால் இடித்தாள். புலிகள் இமைக்காமல் எரிந்தன.

"இன்னிக்கும் இருட்டுதான்" என்றான் கிளெம் அன்று ராத்திரி.

மறுபடி போனாள். ஈயம் வைத்த இடங்களையெல்லாம் உருக்கித் திரும்ப வைத்தாள். ஃபியூஸை மாற்றினாள். பின் பெட்டியிலிருந்து வரும் ஒயர்க் கொத்தின் முனைகளை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தாள். "இன்னிக்கும் இருட்டு" என்றான். அடுத்த நாளும் அதே பாட்டு. ஊரில் உள்ள மெஷின்களை எல்லாம் எழுப்பி உட்காரவைத்தவளுக்குச் சொந்தப் புருஷன் விளையாடுகிற மெஷின் பிடி கொடுக்கவில்லை.

ஸ்டாஷுக்கோ கொண்டாட்டம். "ஒன் புருஷனே ஒன் வேல சரியில்லன்னு ஊரெல்லாம் சொல்றான். மொதலாளிகிட்ட வேற ஆள் அனுப்பச் சொல்லட்டுமா?" என்றான். பாதி விளையாட்டு, பாதி நிஜம். பெண்பிள்ளை பார்க்கும் வேலை, ஒரு முறை பெயர் கெட்டால் மறுபடி எழுந்திருக்க முடியாது என்று வெர்னாவுக்குத் தெரியாதா?

வீட்டிலும் கிளெம் அந்த வாரம் சிடுசிடுவென்று இருந்தான். காபிக் கோப்பையைத் தட்டிவிட்டு, "இத யாரு இங்க வெச்சது?" என்று அவள் மேல் பாய்ந்தான். தன் பிக்கப் வண்டியின் இடது பக்கக் கண்ணாடியை எவனோ உடைத்துவிட்டான் என்று பக்கத்து வீட்டுக்காரனோடு சண்டைக்குப் போனான். குடி கூடிவிட்டதோ என்றுதான் அவளுக்குச் சந்தேகம்.

அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. மெஷின் பார்ப்பவர்கள் காலையில், கடையில் ஆள் இல்லாதபோது வருவார்கள். ஆடுகிறவன் சாயங்காலம் வருவான். ஆடுகிறவன் குறை சொன்னால் குறை மெஷினில்தான். அதை யாரும் சந்தேகப்பட்டதில்லை, அவன் பக்கத்தில் போய் நின்று பார்த்ததும் இல்லை. வெர்னாவும் அப்படித்தான். சாயங்காலங்களில் அவள் வேறு பார்களுக்குப் போய் உடைந்த ஸ்பிரிங் மாற்றிக்கொண்டிருப்பாள். அந்த வெள்ளிக்கிழமை அவளுக்குப் பொறுக்கவில்லை. கிளெம் ஆடும்போதே போய்க் கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று கிளம்பினாள்.

நோன்பு வெள்ளியில் இறைச்சி ஆகாது, மீன் தின்ன வரும் கூட்டத்தில் பாரில் நிற்க இடமிருக்காது. மீன் பொரிக்கிற புகை, தட்டுத் தட்டாக உருளைக்கிழங்கு அடை, குடும்பம் குடும்பமாக ஜனம். கிளெம் ஆடிக்கொண்டிருந்தான். வெர்னா போய் அவன் தோளருகில் நின்றாள். பந்து மேலே ஏறியது. புலிகள் ஒன்று விடாமல் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தன.

"பாத்தியா? போச்சு! எல்லாம் அணஞ்சிருச்சு!" என்றான் கிளெம்.

வெர்னா புலிகளைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். கேலி செய்கிறான் என்று நினைத்தாள். ஆனால் கிளெமுக்கு முகத்தை மறைத்துக் கேலி செய்யத் தெரியாது. சிரிப்பு முந்திக்கொண்டு வந்துவிடும். இப்போது அவன் முகத்தில் எரிச்சல்தான் இருந்தது.

"ஆட்டத்த நிறுத்து" என்றாள். மெஷினின் முன் கதவைத் திறந்து உள்ளே இருந்த பொத்தானை அமுக்கினாள். சோதனை பார்ப்பதற்கான பொத்தான் அது. அமுக்கினால் மெஷினில் உள்ள எல்லாப் பல்பும் ஒன்றாக மின்னி மின்னி எரியும். "ரெண்டு துடுப்புக்கு நடுவுல ஒரு ஓட்ட இருக்கில்ல, அதையே பாரு. கண்ண எடுக்காத."

"என்னடி இது, பள்ளிக்கூடமா?"

"பாருன்னா பாரு. யானைங்க என்ன செய்யுது?"

"மின்னுது."

"புலிங்க?"

"அதத்தான ஒரு வாரமா சொல்றேன்? அங்க ஒண்ணுமே இல்ல."

புலிகளின் வெளிச்சம் அவன் இடது கன்னத்தில் விழுந்து விழுந்து மறைந்துகொண்டிருந்தது. பக்கத்து மேஜைக்காரர் ஒருவர் கெக்கெக்கே என்று சிரித்து, "நல்லா நடிக்கிறான்யா!" என்றார். கூடச் சிரிக்க யாரும் இல்லை. மீன் தட்டோடு வந்த ஸ்டாஷ் புலிகளைப் பார்த்தான், கிளெமின் கன்னத்தைப் பார்த்தான், தட்டோடு அப்படியே நின்றுவிட்டான்.

வெர்னா தன் கையைக் கிளெமின் இடது காதுக்கு நேரே கொண்டுபோய், மெதுவாக முன்னால் நகர்த்திக்கொண்டே வந்தாள். மூக்குக்கு நேரே வரும் வரை அவனுக்கு அது தெரியவில்லை. தெரிந்ததும் திடுக்கிட்டுத் தலையைப் பின்னால் இழுத்தான். அன்றைக்குக் கரண்ட் அடித்தபோதுகூட அவள் இப்படி ஆடிப்போகவில்லை. பல்பை மாற்றினேன், ஃபியூஸை மாற்றினேன், இந்த மனுஷனை ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்தேனா, பாவி! என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

அதற்குப் பிறகுதான் இன்னொன்று உறைத்தது. இந்த வாரம் முழுக்க இவன் பஸ் ஓட்டியிருக்கிறான்.

"கிளெம், ரோட்டுக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து கடந்து வந்து ஏறுற புள்ளைங்க எத்தன பேரு?"

"ஏன்? அது இருக்கும் ஏழெட்டு..." என்று இழுத்தவன் தலையை இடது பக்கம் திருப்பினான். அங்கே வண்டிகள் ரோட்டின் வலது ஓரமாக ஓடுவதால், அவர்கள் எல்லோரும் அவனுக்கு இடது பக்கத்திலிருந்துதான் வருவார்கள்.

பிக்கப்பை வெர்னாதான் ஓட்டினாள். ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா வந்து கண்ணைப் பார்த்தாள், தலையைப் படம் எடுத்துப் பார்த்தாள். மூளையின் பின்பக்கம் ஒரு சின்ன ரத்தக் குழாய் அடைத்திருக்கிறதாம். கண் இரண்டும் நன்றாகத்தான் இருக்கிறது, இடது பக்கம் தெரிவதைத்தான் மூளை வாங்கிக்கொள்ளவில்லை என்றாள். சமீபத்தில் தலைவலி வந்ததா என்று கேட்டாள்.

"போன வாரம் ஒரு காலையில மண்ட பொளந்துச்சு. ரெண்டு மாத்திரையப் போட்டுட்டு பள்ளிக்கூட பஸ் ஓட்டப் போயிட்டேன்" என்றான் கிளெம்.

"பஸ்ஸா ஓட்டுனீங்க? புள்ளைங்கள வெச்சுக்கிட்டா?" என்றாள் டாக்டரம்மா. பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

கிளெம் அதற்கப்புறம் பிழைத்துக் கிடந்து வெகுகாலம் இருந்தான். ஸ்டியரிங்கை மட்டும் தொடவில்லை. வெர்னாவும் தொழில் வழக்கத்தை மாற்றிக்கொண்டாள். எந்த பாரில் யார் குறை சொன்னாலும், சொன்னவனைக் கூப்பிட்டு ஆடச் சொல்லி, முதலில் அவன் முகத்தைத்தான் பார்ப்பாள். மற்ற மெஷின்காரர்கள் சிரித்தார்கள். ஆனால் அதெல்லாம் பிற்பாடு. அன்று ராத்திரி கிளெம் ஆஸ்பத்திரி நடையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அவள் அவனுக்கு வலது பக்கமாகப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

"வெர்னா" என்றான். "நேத்து காலையில செவப்புத் தொப்பி போட்ட ஒரு சின்னப் பொண்ணு. எல்லாரும் ஏறியாச்சுன்னு வண்டிய எடுத்துட்டேன். திடீர்னு பம்பருக்கு முன்னாடி நிக்கிறா, பூமிய பொளந்துக்கிட்டு வந்த மாதிரி. எப்படித்தான் பிரேக் அடிச்சேனோ."

வெர்னா அவன் பக்கம் திரும்பினாள்.

"எறங்கிப் போயி, ரோட்டுல இப்படியா ஓடி வர்றதுன்னு அத்தன புள்ளைங்க முன்னாடியும் திட்டினேன். நான் ஓடலையே மிஸ்டர் கிளெம்னு அழுதா. பொய் வேற சொல்றியான்னு அதுக்கும் சேத்துத் திட்டினேன்."

வெர்னா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவ ஓடல வெர்னா. ரெண்டு பக்கமும் பாத்துட்டு, நான் சொல்லிக்குடுத்த மாதிரியே, என்னப் பாத்துக்கிட்டேதான் நடந்து வந்திருக்கா."