துவாய்க்குள் ஒளித்த முகம்

எனக்குக் குடலிறக்கம். கவட்டில் எலுமிச்சங்காய் அளவு வீக்கம். ஒப்பரேஷனுக்காகப் பெரியாஸ்பத்திரியில் படுத்திருந்தேன். பெண்சாதிக்கு முன்னாலேயே விளக்கை அணைத்துவிட்டுச் சாரம் மாற்றுகிற ஆள் நான்.

ஒரு காலை படிப்பிக்கிற டொக்டர் வந்தார்.

"ஐயா, மருத்துவம் படிக்கிற பிள்ளையள் உங்களைச் சோதிச்சுப் பழகலாமோ? விருப்பமில்லாட்டிச் சொல்லுங்கோ."

வேண்டாமென்று சொல்லவும் வெட்கம். "ஓம்" என்றேன்.

கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்தார்கள். "நான் முதல் செய்யிறன் சேர்" என்று திரைக்கு வெளியே ஒரு குரல். குரலிலேயே ஆளைத் தெரிந்துவிட்டது. வட்டக்கச்சியில் எங்கள் முன்வீட்டுப் பிள்ளை! என்னை மாமா என்று கூப்பிடுகிறவள். அவள் உள்ளே வருவதற்குள் தோளில் கிடந்த கிளிப்பச்சைத் துவாயால் முகத்தை மூடிக்கொண்டேன். கீழே எது தெரிந்தாலும் பரவாயில்லை, ஆள் யாரென்று தெரியக்கூடாது.

"ஐயா, நான் மருத்துவ மாணவி. சாரத்தைத் தளத்தி வீக்கத்தைத் தொட்டுப் பாக்கலாமோ?"

தலையை ஆட்டினேன். துவாயும் ஆடியது.

"தலையாட்டினாக் காணாது" என்றார் டொக்டர். "அவர் வாயால சொன்னாப் பிறகுதான் நீ கை வைக்கலாம்."

"ஓம்" என்றேன், தவளைக் குரலில். யாரோ சிரிப்பை அடக்குவது கேட்டது.

"கையைத் தேய்ச்சுச் சூடாக்கு. தொடேக்க ஐயாவின்ர முகத்தைப் பார். நோவு அதிலதான் தெரியும். துவாயை எடுக்கச் சொல்லு."

துவாயை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தேன்.

"துவாய் இருக்கட்டும் சேர்" என்றாள் அவள். "ஐயா, நொந்தாக் கையை உயத்துங்கோ. உடன நிப்பாட்டுறன்."

"அதுவும் சரிதான்" என்றார் டொக்டர்.

கை சூடாகத்தான் இருந்தது. இருமச் சொன்னாள், இருமினேன். முடிந்ததும் சாரத்தை அவளே இழுத்து மூடிவிட்டாள். தப்பிவிட்டேன் என்று துவாய்க்குள் சிரித்துக்கொண்டேன்.

ஒப்பரேஷன் முடிந்து வீடு வந்து, ஒருநாள் வாசல் படலையடியில் நின்றேன். தோளில் அதே துவாய். முன்வீட்டார் புதுவீட்டுக் குடிபூரலுக்கு அவளுடைய தாய் எனக்கு எடுத்துத் தந்தது. அந்தப் பச்சையில் ஊரில் வேறு ஒருவரிடமும் இல்லை. அதை நான் ஆஸ்பத்திரியில் யோசிக்கவில்லை. லீவில் வந்திருந்த அவள் ஸ்கூட்டியில் போனாள். எப்போதும்போலக் கையை உயர்த்தினேன்.

சட்டென்று பிரேக் பிடித்தாள்.

"என்ன மாமா, நோகுதோ?"

முற்றம் கூட்டிக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்தாள். "என்னப்பா கேக்கிறாள் அந்தப் பிள்ளை?"

பதில் சொல்ல வாயெடுத்தேன். இருமல்தான் வந்தது.