வேப்பிலை இல்லாத வாசல்கள்

இன்று சிவகாசியில் பகல் காட்சி பார்த்தேன். பழைய திகில் படம் ஒன்றை மறுபடி எடுத்திருக்கிறார்கள். ஒரு சிற்றூருக்குள் வைரஸ் நுழைகிறது. நோய் வந்த வீட்டுக் கதவில் சிவப்பு மை பூசுகிறார்கள்.

இடைவேளையில் பக்கத்து இருக்கை அம்மாள், எழுபதை நெருங்குபவர், "எங்க தெருவுல வேப்பிலை சொருகுவோம் சார்" என்றார்.

தெருவின் பெயரைக் கேட்டதும் எனக்கு நினைவு வந்தது. அறுபதுகளில் பெரியம்மை பரவியபோது, புதிய நிருபராக அங்கே போயிருக்கிறேன். வேப்பிலை சொருகிய வாசல்களை எண்ணி, 'இரண்டு வீடுகளில் மட்டும் அம்மை' என்று எழுதினேன். அதைக் கொஞ்சம் பெருமையாகவே அவரிடம் சொன்னேன்.

அவர் சிரித்துவிட்டார்.

"அட போங்க சார். வேப்பிலையப் பாத்தா கம்பெனிக்காரக தீப்பெட்டி ஒட்ட அட்டை குடுப்பாகளா? அடுப்பு எரியணும்ல? எங்க ஆத்தா அதப் பிடுங்கி உள்ள வச்சிருச்சு."

"ஒங்க வீட்டுல யாருக்கும்மா?"

"எங்க அக்காவுக்கு. அவ பாயில கெடந்தா. பக்கத்துலயே ஒக்காந்து பெட்டி ஒட்டுனோம். அந்தப் பெட்டியெல்லாம் எம்புட்டு வீட்டுக்குப் போச்சோ."

திரைப் பக்கம் திரும்பியபடி, "அக்கா பிழைக்கல. நீங்க உள்ள வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றார்.

படம் தொடர்ந்தது. முடிவு என்னவென்று என்னைக் கேட்காதீர்கள், மனதில் பதியவில்லை.

அந்தப் பத்திரிகை நின்று வெகுகாலம் ஆகிறது. எனவே திருத்தத்தை இங்கே போடுகிறேன்: இரண்டு வீடுகள் என்பது தவறு.

சரியான எண்ணிக்கை தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். இந்த முறை கேட்டுக்கொள்கிறேன்.