குறைந்தால் நல்லது என்று நினைத்த எண்

நான் ஈப்போவில் அரசாங்க அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். என் மனைவியின் தம்பி கோப்பெங் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஜாகா வேலை பார்க்கிறான், வாசலில் காவல். எந்தக் கடிதம் வந்தாலும் என்னிடம்தான் கொண்டுவருவான். "மச்சான், நீங்க படிச்சவங்க, என்னான்னு பாருங்க" என்பான். அதைக் கேட்க எனக்குப் பிடிக்கும்.

போன வருடம் இருவரும் ஒரே நாளில் ரத்தப் பரிசோதனைக்குப் போனோம். டாக்டரைப் பார்க்கும் முன்பே தாள்கள் கைக்கு வந்துவிட்டன. ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டில் சாப்பிடும்போது இரண்டையும் விரித்து வைத்துப் படித்தேன். சீனி, கொழுப்பு எல்லாம் குறைந்தால் நல்லது என்று தெரியும். கிட்னி வரியில் எனக்கு நாற்பத்தெட்டு, அவனுக்கு எண்பத்தாறு.

"பாத்தியா? எனக்குப் பாதிதான். இப்படியே கறி தின்னுக்கிட்டு இரு, கிட்னி போயிரும்லா" என்றேன், அவன் பிள்ளைகள் முன்னாலேயே. கறிக் கிண்ணத்துக்கு நீண்ட கையை அவன் இழுத்துக்கொண்டான். நின்று நின்று கால் வலிக்கிறது என்றவனுக்கு என் முட்டிவலி மாத்திரையில் ஓர் அட்டையும் கொடுத்தேன். "நான் தினம் ரெண்டு போடுறேன். என்னா ஆச்சு எனக்கு?"

டாக்டரிடம் போன அன்று, அவனும் கேட்டுக்கொள்ளட்டும் என்று என் பக்கத்தில் உட்காரவைத்தேன். டாக்டர் தமிழ்ப் பெண். என் தாளைப் பார்த்ததும் முகம் மாறியது.

"அங்கிள், இது சீனி மாதிரி இல்ல. கிட்னி எவ்வளவு நல்லா வடிகட்டுதுன்னு காட்டுற எண். இது குறைஞ்சா கிட்னி வேலை குறையுதுன்னு அர்த்தம்." மேல்வரியைக் காட்டினார். "கிரியேட்டினின்னா உடம்புக் கழிவு. கிட்னி வெளியாக்காட்டி ரத்தத்துல ஏறும். அதையும் உங்க வயசையும் வச்சுத்தான் இந்தக் கணக்கு. ஒரு டெஸ்ட்ல முடிவு சொல்ல முடியாது, மூணு மாசத்துல திரும்ப எடுப்போம். வலி மாத்திரை ஏதும் போடுறீங்களா?"

"இல்லம்மா" என்றேன்.

மைத்துனன் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு எண்பத்தாறு நல்ல எண் என்று டாக்டர் சொன்னபோதும் சிரிக்கவில்லை.

காரருகே வந்ததும் தயங்கித் தயங்கிச் சொன்னான். "மச்சான், மாத்திரையப் பத்தி உள்ள போய்ச் சொல்லிருங்க. நான் வரல, இங்கயே நிக்கிறேன்."

நான் வெட்கப்படக் கூடாதென்று அவன் வெயிலில் நின்றான். திரும்பப் போய் ஒரு மணி நேரம் காத்திருந்து சொன்னேன். டாக்டர் திட்டவில்லை. கிட்னிக்கு ஆகாத அந்த மாத்திரையை உடனே நிறுத்தச் சொல்லி, வலிக்கு வேறு எழுதினார்.

வீட்டில் எல்லாவற்றையும் மனைவியிடம் சொன்னேன். கேட்டுவிட்டு அவள் சொன்னாள்:

"ரெண்டு வாரமா அவன் சரியாவே சாப்பிடலையாம். பயந்துபோயிருக்கான்னு அவன் பொண்டாட்டி சொன்னா. இதுக்குத்தானா?"

அவனுக்குப் போன் செய்து, "தப்பு என்மேலதான்" என்றேன். "பரவால்ல மச்சான், ஒடம்பப் பாத்துக்குங்க" என்றான்.

மூன்று மாதம் கழித்து என் எண் ஐம்பத்தேழு. இன்னும் கண்காணிப்பில்தான் இருக்கிறேன். அன்று நான் சொன்னது தவறென்று அவன் பிள்ளைகளிடம் மட்டும் நான் இன்றுவரை சொல்லவில்லை.