கராஃபுத்தோவின் கப்பல்கள்

கற்பூரமும் சுண்ணக்கட்டித் தூளும் காயாத துணியும் ஒன்றாய்க் கலந்தது போன்ற மணம் அந்தச் சுவர் வரைபடத்துக்கு இருந்தது. எண்பதுகளின் நடுவில், டென்மார்க்கின் சில்க்போர்க்கில் எங்கள் பள்ளிக்கூடம் கோடை விடுமுறைக்கு மூடிய நாளில், பழையதென்று எறியக் கிடந்த அதை ஆசிரியையிடம் கேட்டு வாங்கித் தோளில் சுமந்து வந்தேன். எனக்கு அப்போது பதினொரு வயது. அப்பு என்று நான் கூப்பிடும் அப்பாவும் நானும், இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்த செல்வம் அண்ணையும் இருந்த இரண்டு அறை வீட்டில், ஈரம் பூத்த சுவரை மறைத்து அதைத் தொங்கவிட்டோம். "இனிக் கசிஞ்சால் பசுபிக் சமுத்திரம் எண்டு விடலாம்" என்றார் செல்வம் அண்ணை.

அம்மாவும் தங்கையும் அண்ணனும் யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள். அண்ணன் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுப் புகையிலைத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்ததால்தான் நான் படித்தேன். எங்கள் வீட்டில் ஒழுங்காகப் படித்த முதல் ஆள் நான்தான். அதனால்தான் அப்பு புறப்படும்போது, "இவனெண்டால் கடுதாசி வாசிப்பான்" என்று மூத்தவனை விட்டுவிட்டு என்னைக் கூட்டி வந்தார்.

வரைபடத்தில் யப்பானுக்கு மேலே ஒரு நீண்ட தீவு கத்தியால் வெட்டியது போல நடுவில் பிரிந்திருந்தது. கீழ்ப்பாதி மட்டும் யப்பானின் ரோசா நிறம். அதன்மேல் "கராஃபுத்தோ" என்று எழுதியிருந்தது. நூலகத்துப் பெண்மணி, இப்போது அப்படியொரு மாகாணம் இல்லை என்று சொல்லி ஒரு புத்தகம் எடுத்துத் தந்தார். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு கிழமை முழுவதும் வாசித்தேன். நாற்பது வருசம் யப்பான்காரர் நிலக்கரி தோண்டி, மரம் வெட்டிக் கடதாசி செய்து, பள்ளிக்கூடமும் கோயிலும் கட்டி வாழ்ந்த இடம் அது. போர் முடிகிற நேரத்தில் வடக்கிலிருந்து ரஷ்யர் இறங்கினார்கள். யப்பான் அதிகாரிகள் பெண்களையும் பிள்ளைகளையும் கிழவர்களையும் மட்டும் கப்பலில் ஏற்றி ஊருக்கு அனுப்பினார்கள். வேலை செய்கிற வயது ஆண்கள் நிற்க வேண்டும். சில கப்பல்கள் கடலில் அடிபட்டுத் தாழ்ந்தன. பிறகு கப்பலே இல்லை.

இதே நாட்களில்தான் அப்புவுக்குக் குடும்பத்தைக் கூப்பிடும் படிவம் வந்தது. பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைத்தான் கூப்பிடலாம். அண்ணனுக்கு ஆவணி நாலாம் திகதி பதினெட்டு. பெயர், பிறந்த திகதி எல்லாம் என் அழகான கையெழுத்தில், ஒரு வெட்டும் இல்லாமல் நிரப்பினேன். அடுத்தநாள் ஆடி பிறக்கப் போகிறது என்பதால் அன்று பின்னேரமே தபாலில் போட வேண்டும் என்று அப்பு சப்பாத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து நான் கராஃபுத்தோவின் கதையைச் சொன்னேன். வாசித்தது தலைக்குள் அடங்கவில்லை. ஆருக்காவது சொல்ல வேண்டியிருந்தது.

"ஆம்பிளையளை ஏத்தேல்லையோ?" என்றார் அப்பு.

"இல்லை அப்பு."

"ஏத்தின கப்பலும் கடலுக்குள்ளை தாண்டு போச்சுதோ?"

"சிலது."

ஒரு சப்பாத்து காலிலும் மற்றது கையிலுமாய் அப்பு கதிரையில் இருந்துவிட்டார். வெளியே இரவு பத்து மணிவரை மங்காத அந்தக் கோடை வெளிச்சம். யன்னலில் ஒரு குளவி முட்டி முட்டிப் பறந்தது. "கடல் தாண்டுற காரியம்," என்றார் கடைசியில். "அந்தரப்பட்டுச் செய்யக்கூடாது. நல்ல நாளாய்ப் பார்த்துப் போடுவம்."

தபாற்கந்தோர் பூட்டுகிற நேரம் கடந்தது. விடிய ஆடி பிறந்தது. நாள் பார்க்காமல் விதைகூட ஊன்றாத மனிதர். ஆடியில் கடிதத்தைத் தொடமாட்டேன் என்றார். "டென்மார்க் தபால்காரனுக்கு ஆடியும் தெரியாது ஆவணியும் தெரியாது அண்ணை, போடுங்கோ!" என்று செல்வம் அண்ணை பகிடி பண்ணினார். பிறகு பகிடியை விட்டுக் கெஞ்சினார். "ஆவணி பிறந்தும் மூண்டு நாள் கிடக்குதடா" என்றார் அப்பு. நானும் விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். கணக்குச் சரியாகத்தான் இருந்தது. அந்த ஒரு மாதமும் உறை அலுமாரியின் மேல் கிடந்தது. சாப்பிடும்போதும் எங்கள் மூன்று பேருக்கும் கண் அங்கேயே போகும்.

ஆவணி முதலாம் திகதி சனிக்கிழமையாய் விடிந்தது. சனியன்று வேண்டாம் என்றார் அப்பு. ஞாயிறு தபால் இல்லை. திங்கள் காலை ராகுகாலம் ஒன்பது மணிக்குக் கழிய, இன்னும் ஒரு மணித்தியாலம் பொறுத்து, சாமிப் படத்துக்கு முன்னால் வைத்து எடுத்துக் கொண்டுபோய்ப் போட்டோம். கோப்பன்ஹேகன் கந்தோரில் கடிதத்தில் முத்திரை விழுந்தது செவ்வாய்க்கிழமை. அன்றுதான் அண்ணனுக்குப் பதினெட்டு நிறைந்தது.

பனிக்காலத்தில் அம்மாவும் தங்கையும் வந்து இறங்கினார்கள். விமான நிலையக் கதவு அவர்களுக்குப் பின்னால் மூடிய பிறகும் அப்பு அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த வருசம், தோட்டத்துக்குப் போன அண்ணனை ராணுவச் சுற்றிவளைப்பு ஒன்றில் பிடித்துக் கொண்டு போனார்கள் என்று கடிதம் வந்தது. அதற்குப் பிறகு அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

கராஃபுத்தோவில் நின்றுபோன யப்பான்காரரில் மிகப் பெரும்பாலானோர் சில வருசங்களில் ஊர் திரும்பினார்களாம். சுரங்கத்துக்கென்று கொண்டு வரப்பட்ட கொரியர்கள்தான் பல பத்து வருசம் கரையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்களாம். இதை ஓல்போர்க்குக்குப் பல்கலைக்கழகம் படிக்க வந்த பிறகு அறிந்தேன். அந்த இரண்டு அறை வீட்டை இடித்துவிட்டார்கள். செல்வம் அண்ணை கனடா போனார். அப்பு போன மாசியில் காலமானார். கராஃபுத்தோ என்ற சொல்லை அந்தப் பின்னேரத்துக்குப் பிறகு அவர் வாயிலிருந்தும் என் வாயிலிருந்தும் யாரும் கேட்டதில்லை.

போன கிழமை வீட்டுக்குப் போனபோது அம்மா மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தா. தலை நிமிராமல், இத்தனை வருசத்தில் முதல் தடவையாகக் கேட்டா:

"பெரியவன் அப்ப மீசைகூட அரும்பாத பெடியன். பார்த்தால் பதினாறு எண்டுதான் சொல்லுவினம். அவனுக்குப் பதினெட்டு எண்டு இந்த டென்மார்க்காரருக்கு ஆரடா சொன்னது?"

"நான்தான் அம்மா எழுதினனான்" என்றேன்.