ஒன்பதாம் எண்ணிலிருந்து பதில்

இதைச் சொன்னால் பாதிப் பேர், “கம்ப்யூட்டரில் பேயா?” என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அன்று அந்த அறையில் நான் இருந்தேன், அவர்கள் இல்லை. நடந்தது 2001 நவம்பர், எண்ணூரில். ரசாயனம் சேமிக்கும் டேங்குகள் உள்ள ஒரு கம்பெனி. பெயர் வேண்டாம்.

நான் கம்ப்யூட்டர் சர்வீஸ் ஆள். பெயர் அறிவு. மாலை 4.40க்கு நுழைந்ததுமே மேனேஜர் சங்கரநாராயணன் கத்தினார். “எல்லாம் நல்லாத்தான் இருக்கு. பிலோமி கம்ப்யூட்டர் மட்டும் சர்வரைக் காணோம்ங்கு. டேங்க்ல எறங்க ஆளு காத்துக்கிட்டு நிக்கான்!”

அவர் கத்தியதற்குக் காரணம் உண்டு. டேங்குக்குள் விஷவாயு எவ்வளவு என்று அளந்து, அந்த அளவோடு அனுமதிச் சீட்டு அச்சாக வேண்டும். சீட்டு இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது. சீட்டு இருந்தது சர்வரில். அச்சாவது கிளார்க் பிலோமியின் கம்ப்யூட்டரில் மட்டும்.

ஜன்னலில் ஒரு முகம். வியாசர்பாடியில் எங்கள் பக்கத்து வீட்டு வேலப்பன்; டேங்கில் இறங்க வந்த மூன்று பேரில் ஒருவர். “இன்னா நைனா, நீயா? சீக்கிரம் முடி. இருட்டிகினு வருது.”

“அஞ்சு நிமிசம், மாமு.”

இந்த வேலை எனக்குத் தண்ணி பட்ட பாடு. ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு பெயர், ஒரு எண். பெயரைச் சொல்லிக் கேட்டால், அந்தப் பெயருக்கு உரியது தன் எண்ணைச் சொல்லும். அந்த ஆபீசில் உட்காருகிறவர் பெயரையே கம்ப்யூட்டருக்கும் வைப்பார்கள். மொத்தம் எட்டு. சர்வரின் எண் ஒன்று.

4.52. பிலோமியின் கம்ப்யூட்டரிலிருந்து சர்வரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். பதில் வந்தது... ஒன்பதிலிருந்து.

ஒன்பது ஏது?

கேபிள்கள் வந்து சேரும் ஹப் பெட்டியைப் பார்த்தேன். எட்டு கேபிள்தான். ஆனால் ஒன்பதாவது ஓட்டையில், கேபிளே இல்லாத இடத்தில், விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஹப் பழுது என்று நினைத்தேன். அப்படி நினைக்கத்தான் ஆசைப்பட்டேன்.

4.58. ஒன்பதைக் கூப்பிட்டேன். நான்கு பதில். விளக்கு நான்கு முறை சிமிட்டியது. வெளியே, டேங்குகள் பக்கம்...

டங். டங். டங். டங்.

“வேலப்பன் தட்டுறாரா?”

பிலோமி எட்டிப் பார்த்தாள். “மூணு பேரும் கேட்டாண்ட டீ குடிச்சிகினு கீறாங்கண்ணா.”

மறுபடி கூப்பிட்டேன். நான்கு பதில்.

டங். டங். டங். டங்.

“மூணாம் டேங்குண்ணா... உள்ள யாருமே இல்ல.”

வேலப்பன் இறங்கப்போவது அதில்தான். ஒன்பதின் பெயரைக் கேட்டேன்.

5.03. திரையில் வந்த பெயர், சுடலைராஜ்.

பிலோமி சிலுவை போட்டுக்கொண்டாள். “டேங்க் சூப்பர்வைசரு. மார்ச்லயே செத்துட்டாருண்ணா. அவர் கம்ப்யூட்டர் ஸ்டோர்ல கீது.”

ஸ்டோருக்கு ஓடினேன். பாலித்தீன் சுற்றிய பெட்டி. மின்வயர் இல்லை. கேபிள் இல்லை. தொட்டேன்.

சூடாக இருந்தது.

“என்னய்யா, ஆச்சா?” மேனேஜரின் குரல்.

ஓடிவிடத்தான் தோன்றியது. ஆனால் எனக்கு வீம்பு. எந்தக் கோளாறும் என்னை ஜெயித்ததில்லை. பிலோமியின் கம்ப்யூட்டரில் ஒரே ஒரு வரி எழுதினேன்: சர்வர் என்றால் எண் ஒன்று. இனி அது யாரையும் கேட்காது. வேறு யார் பதில் சொன்னாலும் அதற்குக் காதில் விழாது.

5.17. சீட்டு அச்சானது.

அச்சாகும்போது, நான் கூப்பிடாமலே அந்தத் தட்டல் கேட்டது. வேகமாக... இன்னும் வேகமாக...

டங்டங்டங்டங்டங்...

வேலப்பன் சீட்டை வாங்கினார். “இன்னா நைனா, பேயறைஞ்ச மாதிரி கீறே?”

நான் குனிந்து என் பையை மூடினேன்.

தட்டல் நின்றது.

மூன்று பேர் இறங்கினார்கள். ஒருவர்தான் உயிரோடு ஏறினார். அது வேலப்பன் இல்லை.

பிறகு விசாரணையில் தெரிந்தது. வாயு அளக்கும் கருவி பத்து நாளாக ரிப்பேரில். அளக்க முடியாத நாளில் பழைய சீட்டின் அளவை எடுத்துப் போடுவது அங்கே பழக்கம். அன்று போட்டது மார்ச் மாத அளவு; அதுவும் அளக்காமல் போட்டதுதான். அந்தத் தப்பான அளவை நம்பித்தான் சுடலைராஜும் மூன்றாம் டேங்கில் இறங்கியிருக்கிறார். மூச்சு முட்டி, உள்ளிருந்து ஸ்பானரால் தட்டியிருக்கிறார். யாருக்கும் கேட்கவில்லை.

ஸ்டோரில் இருந்த பெட்டியைத் திறந்து பார்த்தேன். உள்ளே, கேபிளை மாட்ட வேண்டிய நெட்வொர்க் கார்டே இல்லை.

துக்கம் கேட்கப் போனபோது வேலப்பனின் மனைவி ரமாபாய் கேட்டாள். “கம்ப்யூட்டரு ரிப்பேரா கீது, சீட்டு வராதுன்னாங்களாமே... அத்த யாருண்ணா சரி பண்ணது?”

தெரியாது என்றேன்.